தொப்பியில் பூசும் ரவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை. மிருதங்கம் வாசிக்கும் தாத்தா இந்த டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியின் நடுவில் அப்பித் தட்டிப் பார்ப்பார். நாதம் கீழே இறங்கும். "கொஞ்சம் போதும் கண்ணு, ஜாஸ்தியானா சத்தமே அடங்கிடும்" என்றார் போன வாரம். அன்று காலையில்தான் ஆய்வகத்தில் ஒரு குப்பி நானோகுழாயை அதே மாதிரி நான் கெடுத்திருந்தேன்.

அறுகோணங்களாகப் பின்னிய கார்பன் தாளைச் சுருட்டினால் எப்படியோ அப்படி இருக்கும் கார்பன் நானோகுழாய். 1991-ல் சுமியோ இஜிமாவின் கட்டுரை வந்த பிறகுதான் எல்லாரும் இதன் பக்கம் திரும்பினார்கள். எப்படிச் சுருண்டிருக்கிறது என்பதை இரண்டு எண்களால் சொல்வோம். அவற்றின் வித்தியாசம் 3-ஆல் வகுபட்டால் குழாய் உலோகம் போலக் கடத்தும், இல்லையென்றால் குறைகடத்தி. என்னிடம் இருப்பது 6,5 வகை. குறைகடத்தி.

இதில் ஒவ்வொரு கார்பனும் பக்கத்திலுள்ள மூன்று கார்பன்களோடு கைகோத்துக்கொண்டு, மிச்சமுள்ள ஒரு எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகிறது. குழாய் நெடுக ஓடுவது அந்தப் பொதுச் சொத்துதான். டைஅசோனியம் உப்பைச் சேர்த்தால் ஒரு பென்சீன் வளையம் வந்து சுவரில் ஒட்டும். அது ஒட்டிய கார்பன் தன் பங்கைத் திரும்ப எடுத்துப் புதுப் பிணைப்புக்குக் கொடுத்துவிடும். நான் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன். எந்த அலைநீள ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று காட்டும் உறிஞ்சு நிறமாலையில் 990 நானோமீட்டர் பக்கம் கோபுரம் மாதிரி நின்ற முகடு கரைந்து, கோடு தரையோடு படுத்துவிட்டது. கரைசல் மட்டும் எப்போதும் போலக் கறுப்பாகவே இருந்தது. அதைப் பார்க்கத்தான் மனசு கஷ்டமாக இருந்தது.

அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டினால் கதையே வேறு. 2013-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் யூஹுவாங் வாங் குழுவினர் இதைக் காட்டினார்கள். குழாய்க்குள் அலையும் ஆற்றல் அந்த ஒட்டிய இடத்தில் சிக்கி, 1,140 நானோமீட்டரை ஒட்டி, பழையதைவிடப் பல மடங்கு பிரகாசமாக ஒளிரும். அலைநீளம் கூடுகிறது என்றால் ஆற்றல் இறங்குகிறது என்று அர்த்தம். தொப்பியின் நாதம் இறங்குவது போலத்தான்.

ஆனால் ரவையில் எடைதான் கணக்கு, இங்கே அப்படி இல்லை. வளையத்தின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நைட்ரோ என்ற அணுத் தொகுதி இருந்தால் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும், ஒளி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். மெத்தாக்சி என்ற தொகுதி எலக்ட்ரானைக் கொடுக்கிற கை, இறக்கம் குறைவு. வித்தியாசம் சில நானோமீட்டர்தான். குழாயைத் தொடாமல், எட்டத்தில் இருக்கும் சில அணுக்களை மாற்றியதற்கே இந்த மாற்றம் என்பதுதான் என்னை இந்த வேலையில் பிடித்து வைத்திருக்கிறது.

அப்புறம் செவ்வாய்க்கிழமை, உப்பை நன்றாக நீர்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, குப்பியை ஃபாயிலால் சுற்றி இருட்டில் வைத்தேன். நேற்று மாலை 1,140 பக்கம் சின்னதாக ஒரு முகடு எழுந்திருந்தது. பழைய முகடும் பக்கத்திலேயே நின்றது. அடுத்தது மெத்தாக்சி.