தரையில் வைக்காத தண்ணீர்

எங்கள் ஊர்ப் பக்கம் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடி போய், காவிரியில் தீர்த்தம் எடுத்து, பழனிக்கு நடப்பார்கள். தாத்தா வருஷம் தவறாமல் போனவர். அவருடைய பித்தளைச் செம்பு இன்னமும் எங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது. நான் ஒரு முறைகூட அந்த நடைக்குப் போனதில்லை. நான் முதன்முதலாகத் தோளில் சுமந்தது கங்கைத் தண்ணீர், அதுவும் பீகாரில்.

கொல்கத்தாவில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் பாகல்பூர்க்காரர். சாவன் (சிராவண) மாதம் வந்தால் நான்கு நாள் லீவு போட்டுவிட்டு, சுல்தான்கஞ்சில் கங்கை நீர் எடுத்துக்கொண்டு தேவ்கர் சிவன் கோயிலுக்கு நடந்துவிடுவார். சுமார் 105 கிலோமீட்டர், வெறுங்காலோடு. "இந்த வருஷம் நீங்களும் வாங்க, பையா" என்றார். சரி என்று சொன்ன பிறகுதான் தூரத்தைக் கேட்டேன்.

வடக்கே பௌர்ணமிக்கு மறுநாள் மாதம் பிறப்பதால், அவர்களுடைய சாவன் நம் ஆடியிலேயே வந்துவிடுகிறது. 2024-இல் அது ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 19 வரை. நாங்கள் ஹவுராவில் இரவு ஜமால்பூர் எக்ஸ்பிரஸ் ஏறி சுல்தான்கஞ்சில் இறங்கியது ஆகஸ்ட் 3 காலை. அன்று ஆடிப் பதினெட்டு. படித்துறையில் நிற்கும்போது அம்மா போன் செய்தார். அவர் கொடுமுடியில் காவிரிக் கரையில் நின்றிருந்தார். "இங்க தண்ணி நல்லா போகுதுப்பா, அங்க எப்படி?" என்று கேட்டார். இங்கே மழைக்காலக் கங்கை மண் நிறத்தில், எதிர்க்கரை மங்கலாகத் தெரியும் அகலத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கிழக்கே போகிற கங்கை சுல்தான்கஞ்சில் வடக்குப் பக்கம் திரும்புகிறது. அதனால்தான் இந்த இடத்து நீருக்கு இத்தனை மதிப்பு. ஆற்றுக்குள் எழுந்து நிற்கும் ஒரு பாறைமேல் அஜ்கைபிநாத் கோயில் இருக்கிறது. பகீரதன் பின்னால் வந்த கங்கை ஜஹ்னு முனிவரின் வேள்வியைக் கலைத்ததும், அவர் அவளைக் குடித்துவிட்டுப் பிறகு வெளியே விட்டதும் இங்கேதான் என்கிறார்கள். ஜாஹ்னவி என்ற பெயர் அப்படி வந்தது.

குளித்து, காவி வேட்டி பனியன் மாற்றி, பண்டா என்கிற தீர்த்தப் புரோகிதர் முன்னால் சங்கல்பத்துக்கு உட்கார்ந்தேன். பெயர், கோத்திரம் எல்லாம் கேட்டார். பெயரைச் சொன்னேன். எங்கள் ஆட்களுக்குக் கோத்திரம் கிடையாது, கூட்டம் என்கிற குலப்பிரிவுதான் உண்டு. அதை அவருக்கு விளக்கத் தெரியாமல் சிவகோத்திரம் என்றேன். அடுத்த மூன்று நாள் என் பெயரை யாரும் கேட்கவில்லை. காவடியைத் தோளில் ஏற்றிய நொடியிலிருந்து எல்லாருக்கும் ஒரே பெயர்: பம். "போல் பம்" என்ற சிவ முழக்கத்தில் வரும் பம். பெண்கள் மாதா பம். டீக்கடைக்காரர் அழைப்பது "வாங்க பம்". போலீஸ்காரர் விலகச் சொல்வது "ஓரமா, பம்".

காவடி என்றேன், அவர்கள் சொல்வது காவட் அல்லது காவர். கேட்டவுடனே நம் சொல் போல ஒட்டிக்கொண்டது. மூங்கில் கழி, அதில் சுற்றிய காவித் துணி, சின்ன மணிகள், இரு பக்கமும் தொங்கும் குடுவைகள். கனம் பெரிதாக இல்லை. ஒரு விதிதான் கடினம். தண்ணீர் எடுத்த இடத்திலிருந்து சாமியிடம் சேர்க்கும் வரை காவடி தரையில் படக் கூடாது. வழி நெடுக, கடைகளிலும் சத்திரங்களிலும் மூங்கிலால் தாங்கிகள் கட்டி வைத்திருக்கிறார்கள். உட்கார வேண்டுமென்றால் முதலில் காவடிக்கு இடம் தேட வேண்டும், பிறகுதான் நமக்கு. தூங்கி எழுந்தாலும் கழிவறை போனாலும் குளித்துவிட்டுத்தான் திரும்பத் தூக்கலாம். சோப்பு, எண்ணெய், சீப்பு, தோல் பொருள் எதுவும் ஆகாது. நண்பர் ஒவ்வொரு முறை தூக்கும் முன்பும் காதைப் பிடித்துக்கொண்டு ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்தார். அறியாமல் செய்த பிழைக்கு மன்னிப்பாம். நம் தோப்புக்கரணமேதான். எனக்கு அது சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அசர்கஞ்ச், தாராபூர் எல்லாம் முதல் நாளே தாண்டிவிட்டோம். தார்ச்சாலையை விட்டு யாத்ரீகர்களுக்கென்றே மண்பாதை இருக்கிறது, அதில் மணல் பரப்பியிருக்கிறார்கள். பாகல்பூர், முங்கேர், பாங்கா என்று மாவட்டம் மாறிக்கொண்டே போகும். அவ்வப்போது பின்னாலிருந்து ஒரு கூச்சல் வரும், எல்லாரும் சட்டென்று ஒதுங்குவார்கள். அது டாக் பம். எங்கேயும் நிற்காமல், உட்காராமல், இந்த முழுத் தூரத்தையும் 24 மணி நேரத்துக்குள் கடப்பவர்கள். அவர்களில் ஒரு பெண் என்னைத் தாண்டி ஓடினார். கால் இரண்டும் சேறு, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவர் கண்ணில் மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

தேவ்கரில் இருப்பவர் வைத்தியநாதர். இங்கே எல்லாருக்கும் அவர் வெறும் பாபாதான். கதை நமக்குக் கோகர்ணத்தால் தெரிந்ததே. இராவணன் கயிலையிலிருந்து லிங்கத்தை இலங்கைக்கு எடுத்துப் போகிறான், வழியில் கீழே வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கோகர்ணத்தில் பிள்ளையார் வந்து கெடுப்பார். தேவ்கர்க் கதையில் வருணன் அவன் வயிற்றுக்குள் புகுந்துகொள்கிறான். இராவணனுக்குச் சிறுநீர் முட்ட, வழியில் நின்ற ஒருவனிடம் லிங்கத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறான். வாங்கியவன் தரையில் வைத்துவிடுகிறான். அது அங்கேயே வேரூன்றிவிட்டது. தரையில் வைக்கப்பட்ட சாமிக்கு, தரையில் வைக்காமல் தண்ணீர் கொண்டுபோகிறோம்.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆடி அமாவாசை. கட்டோரியாவை நோக்கிப் போகும்போது இருட்டிவிட்டது. விட்டு விட்டு மழை. முன்னால் போகிறவரின் மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் கால் வைத்தேன். மதியம் சாப்பிட்டது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு பிசைய ஆரம்பித்தது. நண்பர் எங்கோ முன்னால் போய்விட்டார். கண்ணில் பட்ட ஒரே தாங்கியில் விரல் நுழைய இடமில்லை. குளிர்ந்து வியர்த்து நின்றேன். அருகில் ஒரு பெரியவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தன் காவடியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அரைகுறை இந்திக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. மற்ற தோளைக் காட்டி, "கொடுங்க பம்" என்றார்.

கொடுத்துவிட்டு ஓடினேன். அங்கும் வரிசை. முடிந்து, குழாயடியில் குளிக்க இன்னொரு வரிசை. அரை மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. திரும்பி வரும்போது மழை வலுத்திருந்தது. நடுவில் ஏதாவது தாங்கி காலியாகியிருக்கும், மாட்டிவிட்டுப் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் நின்றிருந்தார். இரண்டு தோளிலும் இரண்டு காவடி, நனைந்த பனியன், விட்ட இடத்திலேயே. தாங்கியில் அப்போது இடம் இருந்தது. ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன். "என்னிடம்தானே கொடுத்தீங்க" என்றார்.

தோப்புக்கரணம் போட்டு வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. அவர் "போல் பம்" என்றார், நானும் சொன்னேன். இருட்டில் பத்தடி நடந்ததும் மற்ற மணிகளோடு அவருடைய மணியும் கலந்துவிட்டது.

மறுநாள் கோடியாரி ஆற்றில் கணுக்கால் அளவு நீரில் நெடுநேரம் நின்றேன். பாதத்தில் இரண்டு இடத்தில் கொப்புளம். கரையோரச் சேவை முகாமில் ஒரு பையன் வெந்நீர்த் தொட்டியைக் காட்டிக் காலை வைக்கச் சொன்னான். காசு எல்லாம் கிடையாது. தும்மாவில் தோரண வளைவைத் தாண்டியதும் ஜார்க்கண்ட். 2000-இல் பிரிந்த எல்லை, நடப்பவர்களுக்கு அது ஒரு வளைவு மட்டும்தான்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மாட்டக் கூடாது என்று கணக்குப் போட்டு, செவ்வாய் விடியலில் தேவ்கருக்குள் நுழைந்தோம். சிவகங்கைக் குளத்தில் முழுகிவிட்டு வரிசையில் ஆறு மணி நேரம். கோபுர உச்சியில் திரிசூலம் இல்லை, ஐந்து முனை கொண்ட பஞ்சசூலம். சுவாமி கோயில் உச்சியிலிருந்து அம்பாள் கோயில் உச்சிக்குச் சிவப்புத் துணி கட்டி இணைத்திருக்கிறார்கள். கல்யாண முடிச்சு. கூட்ட நெரிசலால் சாவனில் லிங்கத்தைத் தொட முடியாது. வாசலில் வைத்திருக்கும் அர்கா என்ற புனலில் ஊற்றினால் நீர் ஓடி உள்ளே சேரும். என் முறை வந்தபோது ஒரு மூச்சு நேரம்கூடக் கிடைக்கவில்லை. குடுவையைக் கவிழ்த்தேன், அம்மா பெயரைச் சொன்னேன், தாத்தா பெயரைச் சொன்னேன், வெளியே இருந்தேன். முற்றத்தில் நின்று அழுதேன். ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது குடுவை பாசுகிநாதருக்கு. தும்கா மாவட்டத்தில், சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி. வைத்தியநாதர் சிவில் கோர்ட், பாசுகிநாதர் கிரிமினல் கோர்ட் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. மனு அங்கே உடனே விசாரணைக்கு வரும் என்று நம்பிக்கை. பஸ்ஸில் போனோம். பஸ்ஸிலும் காவடியைக் கீழே வைக்கவில்லை, மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டோம். வழியில் கோர்மாராவில் பேடா வாங்கினோம்.

தேவ்கர் வரிசையிலும் பாசுகிநாத்திலும் நரைத்த தலை தெரிந்த இடமெல்லாம் அந்தப் பெரியவரைத் தேடினேன். கிடைக்கவில்லை.

இரவு ஜசீடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது அம்மா கூப்பிட்டார். முதல் குடுவை யார் பேருக்கு என்று சொன்னேன். "ரெண்டாவது?" அமாவாசை ராத்திரி நடந்ததைச் சொன்னேன், அவருக்காக ஊற்றினேன் என்றேன்.

"பேரு தெரியாம எப்படி ஊத்தினே, சாமி?"

"பம்னு சொன்னேம்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தாத்தா செம்பைத் துலக்கி வைக்கட்டுமா என்று கேட்டார்.