எந்த முல்லர்?

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மதிய உணவு மேசையில் ஒருவர், "ஜெர்மன் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். சென்னையில், மாக்ஸ் முல்லர் பவனில் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "எந்த முல்லர்?" என்றார். மற்ற மூவருக்கும் தெரியவில்லை. முல்லர் என்பது இங்கே நம் ஊர் முருகன் மாதிரி. எந்த வீதியிலும் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கும்.

எனக்குச் சுருக்கென்றது. கோதே இன்ஸ்டிடியூட் என்று உலகம் அறிந்த ஜெர்மன் மொழி நிறுவனத்தை நாம் மட்டும்தான் மாக்ஸ் முல்லர் என்ற ஜெர்மானிய சமஸ்கிருத அறிஞரின் பெயரால் அழைக்கிறோம். அவர் பள்ளியில் படித்ததும், 1843இல், இருபது வயது நிறையும் முன்பே டாக்டர் பட்டம் பெற்றதும் இதே லைப்சிக்கில். சமஸ்கிருதத்தைத் தொடங்கியதும் இங்கேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் 1823இல் பிறந்த தெஸ்ஸாவ் ஊருக்கு ரயிலேறிப் போனேன். திரும்பும் வழியெல்லாம் அவர் ஊரைவிட்டுப் போனதே மனத்தில் ஓடியது. ரிக் வேதச் சுவடிகளைப் பார்க்க 1846இல் லண்டன் போனார். சில வாரங்களில் திரும்புவதாகத்தான் எண்ணம். திரும்பவில்லை, பிறகு குடியேறிய ஆக்ஸ்போர்டிலேயே 1900இல் இறந்தார். நானும் இரண்டே ஆண்டு என்று அம்மாவிடம் சொல்லித்தான் வந்தேன். இது ஆறாவது ஆண்டு.

என் மனம் ஆறாத செய்தி ஒன்று உண்டு. சாயணர் உரையோடு ரிக் வேதத்தை அவர் பதிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆறு தொகுதிகள், 1849 முதல் 1874 வரை இருபத்தைந்து ஆண்டு உழைப்பு. அதன் நடுவே, 1860இல், ஆக்ஸ்போர்டின் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவிக்குத் தேர்தல் வந்தது. வாக்களித்தவர்கள் பல்கலைக்கழகத்தின் பழைய பட்டதாரிகள், பாதிரியார்கள் ஏராளம். எதிர்த்துப் போட்டியிட்ட ஆங்கிலேயர் மோனியர் வில்லியம்ஸுக்கு 833 வாக்கு, முல்லருக்கு 610. பலருக்குப் புலமையைவிட அவர் ஜெர்மானியர் என்பதும், அவருடைய தாராளமான சமயக் கருத்துகளும்தான் பெரிதாகப் பட்டன. ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலேயப் பெண்ணை மணந்து, அந்த ஊரிலேயே குடியிருந்தவர்! பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்த ஊர் ஒரே நாளில் 'நீ வெளியாள்' என்று எண்ணிச் சொல்லிவிட்டது. 1868இல் ஒப்பியல் மொழியியலுக்கென்று அவருக்காகவே ஒரு பதவியை உருவாக்கினார்கள். எனக்கு அது போதவில்லை.

இந்திய மண்ணை அவர் ஒருமுறைகூட மிதித்ததில்லை. ஆனால் அவர் பெயர் தாங்கிய கட்டடத்தில்தான், ஜெர்மனில் சிறுமி அஃறிணை என்று நான் கற்றேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது பாட்டி, "பெண் குழந்தையைப் போய் 'அது' என்பார்களா? அந்த ஊருக்கா போகப்போகிறாய்?" என்று கோபித்துக்கொண்டார். அன்று இரவு பாட்டி செய்த மிளகுக் குழம்பின் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. பனியில் வழுக்காமல் நடக்கிறேன், கனவில்கூட ஜெர்மன் வருகிறது. முல்லர் ஆக்ஸ்போர்டிலிருந்து தம் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். நான் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கிறேன். போன வாரம், "எல்லாம் பழகிவிட்டது அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அங்கே குக்கர் கூவியது. நான் பேச்சை நிறுத்தி எண்ணத் தொடங்கினேன். மூன்றாவது விசிலில், "அம்மா, அடுப்பை அணை" என்றேன்.