மாஞ்ஜாஸ் மாங்கோன்: எஸ்பெராண்டோ வாயில் வரும் வரை

எஸ்பெராண்டோ என்பது எல்லா நாட்டாரும் பேசிக்கொள்ள ஸமென்ஹாஃப் என்பவர் உருவாக்கிய செயற்கை மொழி. அதன் இலக்கணம் ஒரு மாதத்தில் மண்டையில் ஏறிவிடும். 1887இல் அவர் வெளியிட்ட முதல் கையேட்டில் இருந்ததே 16 விதிகள்தான். பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும். வினைக்கு நிகழ்காலம் 'ஆஸ்', இறந்தகாலம் 'ஈஸ்', எதிர்காலம் 'ஓஸ்'. நான், நீ, அவர்கள் என்று யார் செய்தாலும் வினை மாறாது. அப்படியும் வாய் திக்குகிறது. தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து எஸ்பெராண்டோவுக்கு இறங்குவதுதான் சிக்கல். 'ஐ ஆம் லேர்னிங்' என்பதை மனதில் வைத்து 'மி எஸ்தாஸ் லெர்னி' என்பார்கள். தப்பு. 'படிக்கிறேன்' என்று நினைத்தால் 'மி லெர்னாஸ்' தானாக வரும்.

தமிழர் நாக்கில் அதிகம் விழுந்துபோவது செயப்படுபொருளின் 'ன்'. நாம் 'மாம்பழத்தைச் சாப்பிடுகிறேன்' என்றா பேசுகிறோம்? 'மாம்பழம் சாப்பிடுறேன்', அவ்வளவுதான். அஃறிணைக்கு 'ஐ' போடாமலே காலம் ஓட்டியதால் அங்கேயும் 'மி மாஞ்ஜாஸ் மாங்கோ' என்று நின்றுவிடுகிறோம். 'மாங்கோன்' என்று முடிய வேண்டும். இதற்கு மருந்து, சில வாரங்களுக்கு வினையைக் கடைசியில் வைத்தே பேசுவது: 'மி மாங்கோன் மாஞ்ஜாஸ்'. 'ன்' இருக்கும்வரை இந்த வரிசையும் சரியே. அது பழகியபின் வினையை நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும், அதுவே பெரும்பாலோர் பேசும் வரிசை.

நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். எலிக்கும் சக்கரத்துக்கும் தனித்தனிச் சொல் உண்டு, தமிழில் எழுதினால் இரண்டும் 'ராதோ'. வித்தியாசம் நடு எழுத்து வல்லோசையா மெல்லோசையா என்பதில்தான். அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில்: ஃபமிலீஓ, 'லீ'யில். 'எஸ்தாஸ்' என்பதை 'எஸ்தாசு' என்று இழுப்பது நம்மூர் வழக்கம், அதையும் விடவேண்டும்.

கேள்வி, சுட்டுச் சொற்களின் பட்டியலில் 45 சொற்கள். ஆங்கிலம் வழியாகப் போனால் மனப்பாடம், தமிழ் வழியாகப் போனால் விளையாட்டு. எங்கே, அங்கே, எங்கோ, எங்கும்: கீஏ, தீஏ, ஈஏ, ச்சீஏ. எப்போது, அப்போது, எப்போதோ, எப்போதும்: கீஆம், தீஆம், ஈஆம், ச்சீஆம். 'எங்குமில்லை'க்கு மட்டும் முன்னால் 'நெனி' சேரும்: நெனீஏ. நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே 'நி', நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே 'வி'. பெரியவரிடம் 'வி' என்னும்போது கொஞ்சம் கூசும், போகப்போகச் சரியாகிவிடும்.

பேச ஆரம்பிக்க 400, 500 வேர்ச்சொல் போதும், மிச்சத்தை ஒட்டுகளால் கட்டலாம். 'வார்மா' என்றால் சூடு. மே மாதச் சேலம் 'வார்மேகா'. மலை ஏறினால் 'மால்வார்மா', குளிர். ஏற்காட்டின் இதமான குளிர்ச்சிக்கு 'மால்வார்மேதா'. அகராதியைப் புரட்டாமல் ஒரே வேரில் நான்கு தட்பவெப்பம்.

பயிற்சிக்குச் சேலம்–ஏற்காடு பஸ் நல்ல வகுப்பறை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் 'ஊனு, து, த்ரி' என்று எண்ணி 'துதேக்'கில் முடிக்கலாம். இரண்டு பேராகப் போங்கள். பாதி வழி பார்த்ததைச் சொல்வது, மீதி வழி கேள்வி கேட்பது. சொல் தெரியாவிட்டால் தமிழுக்குத் தாவாமல் சுற்றி வளைத்துச் சொல்லவேண்டும் என்பது நிபந்தனை. தட்டுவடை செட்டுக்கு அந்த மொழியில் சொல் ஏது? 'இன்தெர் து ரொன்தெதோய், கரொதோ காய் பெதோ': இரண்டு குட்டி வட்டத்துக்கு நடுவே கேரட்டும் பீட்ரூட்டும். அந்தக் 'காய்' காய்கறி அல்ல, 'உம்'.

வெளிநாட்டாரோடு முதன்முதலில் பேசும்போது பத்து நிமிடத்துக்கு ஒன்றும் பிடிபடாது. அதற்கு முன்னரே இரண்டு வாக்கியங்கள் நாக்கில் நிற்கவேண்டும்: 'கீஎல் ஓனி தீராஸ்' (எப்படிச் சொல்வது?), 'ப்ளி மால்ராபீதே, மி பேதாஸ்' (கொஞ்சம் மெதுவா, தயவுசெய்து). இரண்டாவதைத்தான் அதிகம் சொல்லவேண்டி வரும்.