ஐப்பசிக்கு முன்னால்

2025 ஆகஸ்ட் 31, ஞாயிறு

இருக்கிற கடனையெல்லாம் ஒரே தாளில் எழுதிவிடுவது என்று இன்று உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக இதைச் செய்யப் பயந்துகொண்டிருந்தேன். 2023இல் மாமாவை, என் வீட்டுக்காரரின் அப்பாவை, தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினேழாம் நாள் உயிரில்லாமல் மாயவரம் கொண்டுவந்தோம். அந்தப் பதினேழு நாள் செலவுதான் இன்னும் வெவ்வேறு பெயரில் எங்கள் தலையில் இருக்கிறது.

நகைக்கடன் 2,10,000. கிரெடிட் கார்டு 86,400. மகளிர் குழுக்கடன் பாக்கி 31,000, அதற்கு 15 நாளுக்கு ஒரு தவணை. வீட்டுக்காரருடைய லோடு வண்டித் தவணையை இதில் சேர்க்கவில்லை. வண்டி ஓடி அதுவே கட்டிக்கொள்கிறது.

எழுதி முடித்ததும்தான் ஒன்று கண்ணில் பட்டது. நகை ஏலத்துக்குப் போய்விடுமோ என்று ராத்திரியெல்லாம் நினைத்தது நகைக்கடனைப் பற்றி. ஆனால் அதற்கு வருஷ வட்டியே 9 சதவீதம்தான். கார்டுக்கு மாதம் மூன்றரை, அதாவது வருஷத்துக்கு 42. மாதம் 3,024 ரூபாய் வட்டியாகவே போகிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு, கடன் அடைகிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

தாளின் அடியில் 'கூடத்துக் கூரை' என்றும் எழுதினேன். அது யாரிடமும் வாங்கிய கடன் இல்லை. ஆனாலும் எழுதத் தோன்றியது.

வீடு மாமாவின் அப்பா கட்டியது, மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, அதற்கும் மேலே தட்டோடு பதித்த கூரை. வடமேற்கு மூலையில் ஒழுகுகிறது. போன மழைக்கு முன்னால் வீட்டுக்காரரே அங்கே சிமென்ட் பூசினார். ஐப்பசி முழுக்க அத்தையின் பித்தளை அண்டா அந்த மூலையில்தான் நின்றது.

செப்டம்பர் 6, சனி

பவுன் 80,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. நான் வேலை பார்க்கிற கடையில் இன்று எல்லோருக்கும் அதுதான் பேச்சு. கல்லாவில் கணக்கு எழுதிக்கொண்டே எனக்கு வேறு கணக்கு ஓடியது. எங்கள் நகைக்கடனுக்கு 12ஆம் தேதியோடு ஒரு வருஷம் முடிகிறது. 43 கிராம். போன வருஷ விலைக்குத் தந்த கடன் அது. மறுபடி வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும்.

அதை வாங்கிக் கார்டை முழுசாக அடைத்துவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். "கடனுக்குக் கடன் வாங்கறதா?" என்றார். தாளை எடுத்துக் காட்டினேன். 42க்கும் 9க்கும் உள்ள தூரம் புரிந்தது அவருக்கு. ஆனாலும் நகை மீதே ஏற்றுகிறோமே என்ற கலக்கம் இரண்டு பேருக்கும் இருந்தது. கார்டை அடைத்த அன்றே வெட்டிப் போட வேண்டும், அதற்குச் சம்மதம் என்றால் செய்யலாம் என்றேன். சரி என்றார்.

செப்டம்பர் 12, வெள்ளி

முன்பெல்லாம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துவிடலாம். இப்போது அசலும் வட்டியும் முழுசாகக் கட்டி நகையை மீட்டு, மறுநாள்தான் திரும்ப வைக்க முடியும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். வட்டி 18,900 ரூபாயை ரவிக்கை தைத்த காசில் சேர்த்து வைத்திருந்தேன். இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு எங்கே போவது? வங்கி வாசலிலேயே ஒரு நாளுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் தர ஆள் இருக்கிறார். 2,100 ரூபாய். கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்கவில்லை. கடை முதலாளியம்மாவிடம் வாய்விட்டுக் கேட்டேன். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நேற்றுக் காலை எண்ணிக் கொடுத்தார். வட்டி பேச்சே எடுக்கவில்லை.

இன்று கிராமுக்கு 6,800 போட்டு 2,92,000 தந்தார்கள். மாலையே முதலாளியம்மாவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மீதி 82,000. கையிலிருந்து 4,400 சேர்த்துக் கார்டை முடித்தேன். மகள்தான் கத்தரிக்கோலால் நான்கு துண்டாக வெட்டினாள். கூடுதலாக வாங்கிய 82,000க்கு மாத வட்டி 615 ரூபாய். அங்கே போன மூவாயிரத்தோடு பார்த்தால் மாதம் 2,400 மிச்சம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கூரையில் சிமென்ட் வெடித்த இடத்தில் அரசங்கன்று முளைத்திருந்தது. முழங்கால் உயரம். பிடுங்கப் போனேன். குனிந்து நிமிர்ந்ததும் மாடி சுற்றியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சுவர் என் இடுப்பளவுகூட இல்லை. கீழே வந்த பிறகுதான் கை நடுங்கியது.

செப்டம்பர் 15, திங்கள்

அவர் விடவில்லை. காலையிலேயே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். ரத்த அழுத்தம் 158க்கு 100. சர்க்கரை சரியாக இருந்தது. பரிசோதனைக்கும் ஒரு மாத மாத்திரைக்கும் காசு இல்லை. இது தெரியாமலா இரண்டு வருஷம் இருந்தேன்? தெரியும். போனால் ஏதாவது சொல்லுவார்கள், சொன்னால் செலவு வரும் என்றுதான் போகவில்லை.

நர்ஸம்மா சாப்பாட்டை ஒவ்வொரு வேளையாகக் கேட்டார். காய்கறிச் செலவைக் குறைக்கிறேன் என்று கொஞ்ச மாதமாக மதியம் தயிர்சாதம், ஊறுகாய், அப்பளம். ராத்திரி பழைய குழம்பும் வடகமும். "எல்லாமே உப்புங்க இது" என்றார். மிச்சம் பிடித்த காசு என்று நான் நினைத்தது முழுக்க உப்பாக உடம்பில் ஏறியிருக்கிறது.

எத்தனை மணிக்குத் தூங்குறீங்க என்றும் கேட்டார். தையல் முடிய பன்னிரண்டரை, எழுந்திருப்பது ஐந்து. வெளியில் சொல்லிக் கேட்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

இனிமேல் பத்து மணிக்கு மெஷினை மூடுவது. தீபாவளி ரவிக்கைகளில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வது. கொல்லையில் முருங்கை இருக்கிறது, பசலை வேலியெல்லாம் படர்ந்து கிடக்கிறது, அதைப் பறிக்கக்கூட நேரமில்லாமல் ஊறுகாய் பாட்டில் வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. ஆவணியில் மட்டும் ஆறு பத்திரிகை வந்தது. மொய் நோட்டைப் பார்த்து அவர்கள் எங்களுக்கு எழுதியதை மட்டும் திருப்பி எழுதினோம். ஓர் இடத்தில் முகம் மாறியது. இந்த மாதம் முகூர்த்தம் இல்லை, மூச்சு விடலாம்.

கரண்ட் அளவெடுக்க ஆள் வந்துபோனார். 488 யூனிட். இரண்டு மாதக் கணக்கு 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலை கிடைக்காமல் போகும். போன தடவை 530. மேல் தொட்டியின் மிதவை வால்வு தேய்ந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்ததால் மோட்டார் இரட்டிப்பாக ஓடியது. அவர் ஒரு சாயங்காலம் மாற்றிவிட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. காவிரித் துலாக்கட்டத்தில் மாமாவுக்குத் திதி கொடுத்துவிட்டு அவர் வரும்போதே கொத்தனார் ஐயாவைக் கூட்டிவந்தார். எழுபதைத் தாண்டியவர். இந்தத் தெருவில் பாதிக் கூரை அவர் கை பட்டது. முதலில் மாடிக்கு ஏறவில்லை. கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, ஒழுகுகிற மூலையில் தேக்குக்கட்டை சுவருக்குள் போகிற இடத்தில் ஓர் ஆணியை வைத்துக் குத்தினார். நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஆணி அரை விரற்கடைதான் இறங்கியது.

"கட்டை உசிரோட இருக்கு ஆயி. இன்னும் ரெண்டு மழை விட்டிருந்தா உளுத்திருக்கும். அப்பறம் கூரையையே பிரிக்கணும்" என்றார்.

நாளையிலிருந்து சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகிறது, நல்ல சிமென்டாகவே வாங்கிப் போடலாம் என்று அவர் ஆரம்பித்தார். ஐயா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சுண்ணாம்புக் கூரை வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மேலே ஒட்டிய சிமென்ட் வளையாது, ஓரத்தில் வெடிக்கும். வெடிப்பில் இறங்குகிற தண்ணீர் மேலே காய்ந்து போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். போன வருஷம் நாங்கள் செய்தது அதுதான்.

மதியமே கல் சுண்ணாம்பு வந்தது. பழைய டிரம்மில் கொட்டி, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் கற்கள் ஒவ்வொன்றாக டப்டப்பென்று பிளந்தன. டிரம்மே கொதித்தது. வெள்ளை ஆவி, மூக்கில் ஏறுகிற காரம். அரை மணி கழித்து உள்ளே கல்லே இல்லை. தயிர்மாதிரி வழுவழுவென்று இருந்தது. பத்து நாள் ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்கச் சொன்னார். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறப்போடுவது என் வேலை.

கூலி, பழைய தட்டோடு, செங்கல் ஜல்லி எல்லாம் சேர்த்து 11,200 ஆகும். நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போது அத்தை உள்ளேயிருந்து சொன்னார்: "அண்டாவப் போட்ரு." வேண்டாம் அத்தை என்றேன். அவருடைய அம்மா வீட்டுச் சீர் அது. "ஒழுகுற எடத்துல வைக்கத்தானே இருந்துச்சு. ஒழுகலன்னா எதுக்கு அது?" என்றார். குரலில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. அண்டா எடைக்கு 5,300 கிடைத்தது. மீதிக்குத் தையல் காசு இருக்கிறது.

காலையில் வேலை ஆரம்பித்தது. கடைக்கு மதியம் போனால் போதும் என்பதால் பாதி நேரம் கூட இருந்தேன். சிமென்டைப் பெயர்த்ததும் அடியில் ஜல்லி கறுப்பாக, கையில் பிழிகிற ஈரத்தோடு இருந்தது. மூன்று வாரமாக மழையே இல்லை, அப்படியும் ஈரம். அரசவேர் நூல்மாதிரி நான்கடி ஓடியிருந்தது. ஐயா அதை அறுக்கவிடவில்லை, நுனிவரை நோண்டி எடுத்தார். துண்டு விட்டால் திரும்பத் தழைக்குமாம்.

புது ஜல்லியைக் கொட்டி, சித்தாள் அக்காவும் நானும் கட்டையால் தட்டினோம். கடுக்காய்த் தண்ணீர் தெளிப்பது, தட்டுவது, மறுபடி தெளிப்பது. சத்தம் மாறுகிறவரை தட்டணும் என்றார் ஐயா. முதலில் பொதபொதவென்று இருந்தது, பிறகு கெட்டியாகி, கடைசியில் கட்டை மேலே எகிறியது. தலைசுற்றல் இல்லை. வேலைக்கு நடுவில் இரண்டு தடவை நிழலில் உட்கார்ந்தேன். முன்பென்றால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அக்டோபர் 8, புதன்

மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் பதிந்திருந்ததால் மாத்திரையோடு அந்தத் திட்டத்துப் பெண் வீட்டுக்கே வந்தாள். 2021இல் தொடங்கிய திட்டம் இது, அத்தை வயதுக்காரர்களுக்கானது என்றே நினைத்திருந்தேன். அழுத்தம் 138க்கு 88.

தட்டோடு பதித்தாயிற்று. தினம் காலையும் மாலையும் ஈரச்சாக்கு நனைக்கிறோம். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

வடகிழக்குப் பருவமழை நேற்றுத் தொடங்கிவிட்டது. ஓடு பதித்துப் பதினைந்து நாள்கூட முழுசாக ஆகவில்லை. ஓட்டுக்கு மேலே தார்ப்பாய் விரித்துச் செங்கல் வைத்திருந்தோம். ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று தார்ப்பாயைத் தூக்கி அடிக்கிற சத்தத்தில் விழித்தேன். அவர் மாடிக்கு ஓடினார். நான் டார்ச்சோடு கூடத்து மூலைக்குப் போனேன்.

அத்தை ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார், இருட்டில், அண்டா இருந்த இடத்தில், உள்ளங்கையைத் தரையில் வைத்தபடி. "காஞ்சிருக்கு" என்றார்.

விடிந்து பார்த்தபோது சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் ஒரு முழ நீளம் ஓதம் தெரிந்தது. சொட்டவில்லை. ஐயா வந்து பார்த்தார். அது சுவர்வழி வருகிறது, வெளிப்பூச்சு போனதால் வருவது, தை பிறந்து காய்ந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். தைக்கு ஒரு மூவாயிரம் எடுத்து வைக்க வேண்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. போனஸ் 14,500. ஐந்தாயிரத்தில் நான்கு பேருக்கும் துணி, பலகாரம், மகளுக்கு ஒரு பை வெடி. மீதியைக் குழுக்கடனில் கட்டலாம் என்று எடுத்து வைத்தேன். மகள் தாளில் அடித்து எழுதினாள்.

நவம்பர் 16, ஞாயிறு

கடைமுகம், ஐப்பசியின் கடைசி நாள் முழுக்கு. விடியற்காலையிலேயே அத்தையையும் மகளையும் கூட்டிக்கொண்டு துலாக்கட்டம் போனேன். ஐப்பசி முழுக்கக் காலையில் அங்கேவரை நடந்து வந்துகொண்டிருந்ததால் இன்று கூட்டத்திலும் கால் வலிக்கவில்லை. காவிரியில் முங்கி எழுந்தபோது அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு முடவன் முழுக்கு, அதற்கும் வரணும் என்றார்.

குழுக்கடனில் இன்னும் 14,200. நகைக்கடனுக்கு வருகிற செப்டம்பர்வரை மாதம் 6,000 தனியாகப் போடுவதாகக் கணக்கு. முழுசும் அடையாது. பத்துக் கிராமாவது வீட்டுக்கு வரும், அம்மா போட்ட அந்த ஒற்றைச் சங்கிலி முதலில்.

ஈரத்துணி உலர்த்த மாடிக்குப் போனேன். மழை நின்று வெயில் அடித்தது. புதுத் தட்டோடு பழையதைவிடக் கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது. தண்ணீர் எங்கேயும் தேங்கவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரத்தில், வேறொரு விரிசலில், இரண்டே இலையோடு ஓர் அரசங்கன்று. விரல்நுனி அளவு. உட்கார்ந்து, ஊக்கால் சுற்றிலும் மண்ணைக் கிளறி, வேர் அறாமல் முழுசாக எடுத்தேன்.