முதலில் சருகு, பிறகுதான் கூட்டெரு

பாடசாலையில் மாணவர்களே கூட்டெரு போடட்டும் என்று முடிவானதும் இடம் பார்ப்பார்கள், பெயர்ப்பலகை எழுதுவார்கள். மலையகத்தில் இந்த வேலை இடையில் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் சருகுத் தட்டுப்பாடுதான். மதிய உணவு மிச்சமும் மரக்கறித் தோலும் தினமும் வரும். அவற்றோடு கலக்கக் காய்ந்த இலை மழைக்காலத்தில் கிடைக்காது.

10 லீட்டர் வாளி நிறைய ஈரக் கழிவுக்கு இரண்டரை வாளி சருகு வேண்டும். நாளுக்கு ஒரு வாளி கழிவு என்றால் ஐந்து பாடசாலை நாள் உள்ள கிழமைக்கு 125 லீட்டர் சருகு, அதாவது அமத்தி அடைத்த பெரிய உரச்சாக்கு இரண்டு. 13 கிழமைத் தவணைக்கு 26 சாக்கு. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் இதை ஜனவரி முதல் மார்ச் வரையான வெயிலில் சேர்த்துக் கூரைக்குக் கீழே அடுக்கிவிட வேண்டும். மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் பிறகு முடியாது. பதுளை, பசறைப் பக்கம் வெயில் காலம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை, ஆகவே அங்கே நாட்காட்டி வேறு. தேயிலைத் தோட்டத்து நிழல் மரமான சவுக்கின் (சில்வர் ஓக்) இலையை நறுக்கிப் போட்டால் போதும். பைன் ஊசியும் யூக்கலிப்டஸ் இலையும் லேசில் உக்காது; கால்வாசிக்கு மேல் வேண்டாம். ரோட்டோரக் காட்டுச் சூரியகாந்தி தழைச்சத்து மிகுந்த பச்சைப் பொருள். பிள்ளைகள் அதையும் சருகுச் சாக்கில் அடைத்துவிடுவார்கள், கவனிக்க வேண்டும்.

குழி வெட்ட வேண்டாம், தண்ணீர் நிற்கும். நிலத்துக்கு மேலே மூன்று கூண்டுகள், ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் ஒரு மீற்றர். அடியில் அரை அங்குலக் கம்பிவலை (எலிக்கு), அதன்மேல் ஒரு சாண் சுள்ளி. மேட்டுப் பக்கம் கான் வெட்டி, மேலே சரிவாகத் தகரம். படங்கு போட்டு மூடினால் அதன் மடிப்புகளில் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். ஒரு மீற்றர் என்ற அளவைக் குறைக்கக் கூடாது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான்; சிறிய குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும் முதல் கூண்டு பெரிதாகச் சூடேறாது, அது இயல்பு. கிட்டத்தட்ட எட்டுக் கிழமையில் நிரம்பியதும் ஒரு வாளி புதுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தபடி இரண்டாம் கூண்டுக்குப் புரட்டிப் போட வேண்டும். சூடு அப்போதுதான் ஏறும். நடுவில் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடத்தில் எடுத்தால் கையில் பிடிக்க முடியாத அளவு சுட வேண்டும். பிறகு கிழமைக்கொரு முறை புரட்டல்.

கெட்டுப்போவது பெரும்பாலும் சோற்றால். கட்டியாக விழும் சோற்றுக்குள் காற்றுப் போகாது, கூழ்முட்டை நாற்றம் வரும். உதிர்த்துச் சருகோடு பிசறிப் போட்டால் பிரச்சினை இல்லை. மூக்கைக் குத்தும் வாடை என்றால் பச்சை கூடிவிட்டது, சருகு சேர்க்க வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி வரலாம்; ஒழுகினால் ஈரம் அதிகம். மீன், இறைச்சி, எண்ணெய்க் கறி போட்டால் இரவில் நாயும் காட்டுப்பன்றியும் வந்து கிளறும். மரக்கறித் தோட்டத்துக் கோவா வேரையும் உருளைக்கிழங்குக் கொடியையும் எடுக்கவே கூடாது. கோவாவின் வேர்முடிச்சு நோய் வித்திகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும், சூடேறாத குவியலில் அவை சாகாது.

பொறுப்பைத் தரம் 8, 9 பிள்ளைகளிடம் கொடுப்பது நல்லது, 11இல் பரீட்சை. வாளிக்கு இருவர், ஒரு சீ.ஆர். கொப்பி: திகதி, கழிவு எத்தனை வாளி, சருகு எத்தனை வாளி, சூடு, மணம், யார் போட்டது. சருகுப் பத்தி வெறுமையாக இருக்கும் கிழமையிலேயே ஆசிரியர் கேட்க வேண்டும், நாற்றம் வந்த பிறகு அல்ல. பூட்ஸ், கையுறை, முடிந்ததும் சவர்க்காரம்; எலி நடமாடும் இடத்தில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்குப் புரட்டல் வேலை வேண்டாம், எழுதும் வேலை கொடுக்கலாம். ஏப்ரல் விடுமுறைக்கு முன் மேலே ஒரு அடி சருகு பரப்பிவிட்டால் யாரும் வந்து பார்க்கத் தேவையில்லை.

மூன்றாம் கூண்டில் ஆறு கிழமை ஆறவிட்டு, சலித்து, ஒரு தட்டில் பத்து ராபு விதை போட்டுப் பார்க்கலாம். எட்டுக்குக் குறைவாக முளைத்தால் இன்னும் மூன்று கிழமை விட்டுவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.