மிலிட்டரி டிரஸ்ஸை யார் போடலாம், யார் போடக் கூடாது?

குடியரசு தினத்துக்கு அண்ணன் மகனுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. தாத்தா மாதிரியே பேரனும் மிலிட்டரி என்று அண்ணி ஆசையாகப் பச்சை உடுப்பு ஒன்று வாங்கி வந்தார். அப்பா அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தோளில் கேப்டனுக்குரிய மூன்று நட்சத்திரம், கையில் ஹவில்தாருக்குரிய மூன்று பட்டை, நெஞ்சில் எதற்கென்றே தெரியாத கலர் கலரான ரிப்பன்கள். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். அந்த மூன்றாவது பட்டை கைக்கு ஏற அவருக்குப் பதினான்கு வருஷம் ஆனது. ஷேவிங் பிளேடை எடுத்து நட்சத்திரம், பட்டை, ரிப்பன் எல்லாவற்றையும் தையல் தையலாகப் பிரித்துவிட்டு, "இப்போ போட்டு விடும்மா" என்றார்.

குழந்தைக்குப் போட்டால் கூடவா தப்பு என்று அண்ணிக்கு வருத்தம். சட்டப்படி தப்பே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 140) பார்ப்பது இரண்டு விஷயங்களை. ராணுவம், கடற்படை, விமானப்படை வீரர்களுடைய உடையையோ சின்னத்தையோ போன்ற ஒன்றை, அப்படைகளில் இல்லாத ஒருவர் அணிந்திருக்க வேண்டும். தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருக்க வேண்டும். இந்த இரண்டாவது இல்லையென்றால் குற்றம் இல்லை. அதனால் மாறுவேடப் போட்டிக் குழந்தை, நாடக நடிகர், சந்தையில் வாங்கிய புள்ளி போட்ட பேண்டோடு பைக் ஓட்டும் பையன் யாருமே குற்றவாளி இல்லை. எண்ணம் இருந்தால்தான் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் வெறும் 500 ரூபாய்தான்.

ஆனால் செக்யூரிட்டி வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்குச் சட்டம் கறாராகவே இருக்கிறது. 2005ஆம் வருஷத்துச் சட்டப்படி தனியார் காவலாளி ராணுவ உடையோ போலீஸ் உடையோ, அதைப் போலத் தோன்றும் உடையோ போட்டால் அவருக்கும் முதலாளிக்கும் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. அப்படியும் சில கல்யாண மண்டப வாசலில் நிற்கும் பெரியவர்களைப் பாருங்கள், தோளில் நட்சத்திரம் இருக்கும். பாவம், முதலாளி கொடுத்ததைத்தானே அவர்கள் போட்டுக்கொள்ள முடியும், கேட்க வேண்டியது முதலாளியைத்தான்.

2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் வந்தது ராணுவ உடையில். அப்புறம்தான் பொதுமக்கள் அந்த மாதிரி உடை போட வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே வேண்டுகோள் விடுத்தது. 2022 ராணுவ தினத்தில் அறிமுகமான புதிய போர் உடைக்கு வடிவமைப்பு உரிமையையும் பதிவு செய்துவிட்டார்கள், பத்து வருஷத்துக்கு, பிறகு இன்னும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். அந்த டிசைனை அனுமதியில்லாமல் தைத்து விற்பவர் மேல் வழக்குப் போடலாம். இது நல்ல வேலை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் 168ஆம் பிரிவு போட்டவரைத்தான் பிடிக்கும், தைத்து விற்றவரை அல்ல.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் சித்தப்பா. பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் ஸ்கூட்டர் பார்த்தார். விற்கிறவன் தன்னை மிலிட்டரி என்றான், காஷ்மீருக்கு டிரான்ஸ்பர், அவசரமாக விற்கிறேன் என்றான், உடுப்போடு எடுத்த போட்டோவும் கேன்டீன் கார்டும் அனுப்பினான். சித்தப்பா வண்டியைக் கண்ணால் பார்க்காமலே 18,000 ரூபாய் போட்டுவிட்டார். கூடப்பிறந்த அண்ணன் இருபத்து நான்கு வருஷம் போட்ட உடுப்பு அது, அவர் எப்படிச் சந்தேகப்படுவார்? உடுப்பை உடம்பில் போடக்கூட வேண்டியதில்லை, போட்டோ போதும் என்றாகிவிட்டது. இதற்கு 168 எல்லாம் பத்தாது, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கான 319ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை தண்டனை இருக்கிறது. இப்படி ஏமாந்தால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள், நாங்கள் இரண்டு நாள் கழித்துத்தான் செய்தோம்.

புகார் எழுத உட்கார்ந்தபோது அப்பா அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். பேட்ஜ், பெயர்ப்பட்டி, தொப்பி மடிப்பு எல்லாமே சரியாக இருந்தது. "இது திருடன் இல்லடா, யாரோ நிஜமான சிப்பாய், அவன் போட்டோவை எடுத்துத்தான் இத்தனை பேரை ஏமாத்துறாங்க" என்றார். புகாரின் கடைசியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: இந்தப் படத்தில் இருக்கும் ஜவானைக் கண்டுபிடித்து அவருக்கும் தகவல் சொல்லவும்.