அம்மாவின் முழங்காலும் பாசிக்குடாத் தண்ணீரும்

முழங்கால் தேய்ந்த வயதானவர்களைக் கண்டால் எல்லாரும் "நடங்க, நடந்தால்தான் சரிவரும்" என்பார்கள். நடந்தால் நோகிறதே, அதற்கு என்ன வழி என்று சொல்லத்தான் ஆள் இல்லை. எங்கள் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், சீனி வருத்தம், பிரஷர். இதெல்லாம் போதாதென்று கிணற்றடியில் ஒருமுறை வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அடி எடுத்து வைக்கவே பயம் வந்துவிட்டது. பயந்து பயந்து உட்கார்ந்தே இருந்ததில் தொடைச் சதை இளகி, நோவு இன்னும் கூடியது.

தண்ணீருக்குள் பயிற்சி செய்யலாம் என்று முதலில் சொன்னவர் கிளினிக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுக்கும் பிசியோ மிஸ்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலில் விழும் பாரம் ஏறக்குறைய அரைவாசியாகிவிடும், நெஞ்சளவு என்றால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று விளங்கப்படுத்தினார். 70 கிலோ ஆள் இடுப்பளவில் நின்றால் முழங்கால் தாங்குவது 35 கிலோ அளவுதான். அதேநேரம் காலை அசைக்கும்போது தண்ணீர் எதிர்த்துத் தள்ளுவதால் சதைக்கு வேலையும் கிடைக்கிறது. மெதுவாக அசைத்தால் எதிர்ப்பு குறைவு, வேகமாக அசைத்தால் கூட. ஆகவே ஏலுமான அளவை அவரவரே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உடனே போகச் சொல்லவில்லை. முதலில் டாக்டரிடம் அனுப்பினார். நெஞ்சளவு தண்ணீரில் நிற்கும்போது அதன் அழுத்தம் காலில் உள்ள இரத்தத்தை மேலே தள்ளும், இதயத்துக்கு வேலை கூடும். அதனால் இதயம் பலவீனமானவர்கள், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், வலிப்பு வருகிறவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள், காய்ச்சலோடு இருப்பவர்கள் கேட்காமல் இறங்கக்கூடாது. அம்மாவின் பிரஷரைப் பார்த்து, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் சரி என்றார்கள்.

அப்புறம் இடம் தேடும் பாடு. இந்தச் சிகிச்சைக்கென்றே கட்டிய குளங்களில் தண்ணீரை 33, 34 பாகை செல்சியஸ் அளவில் இளஞ்சூடாக வைத்திருப்பார்களாம். நான் விசாரித்த இடமெல்லாம் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. எங்கள் மட்டக்களப்பு வாவியில் சேறு, முதலை. கல்லடிக் கடல் வீட்டுக்குப் பக்கம்தான், ஆனால் அந்த அலையில் எங்களுக்கே கால் நிற்காது. கடைசியில் பாசிக்குடாக் கடற்கரை. 30 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், ஆனாலும் அந்தக் குடாவில் அலை மிகக் குறைவு, நெடுந்தூரம் உள்ளே நடந்தாலும் இடுப்பளவுதான். வயதானவர்களுக்கு இதைவிடத் தோதான கடலை நான் கண்டதில்லை.

அம்மாவின் கவலையோ வேறு. "இந்த வயசில கடலுக்குள்ள இறங்கினா ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" சனம் குறைந்த வார நாளாகப் பார்த்து, விடியவே தம்பியின் வான் வண்டியில் போனோம். சேலை நனைந்தால் பாரம், கால் சிக்கும். நைட்டி மிதந்து முகத்துக்கு வரும். முழுக்கை டீசேர்ட்டும் இறுக்கமான நீளக் காற்சட்டையும்தான் சரி. காலுக்கு றப்பர் சப்பாத்து கட்டாயம். மணலில் முருகைக்கல் துண்டுகள் கிடக்கும், சீனி வருத்தக்காரருக்குப் பாதம் விறைத்திருந்தால் வெட்டுப்பட்டதே தெரியாது. வெளியே வந்ததும் விரலிடுக்கு வரைக்கும் துடைத்துப் பார்ப்போம்.

முதல் நாள் என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தபடி நின்றார், அவ்வளவுதான். அடுத்தடுத்த முறைகளில் முன்னுக்கு நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, பின்னுக்கு நடப்பது, கையைப் பிடித்தபடி முழங்காலை உயர்த்துவது, காலைப் பக்கவாட்டில் வீசுவது, குதியை உயர்த்தி நிற்பது என்று மிஸ் எழுதித் தந்ததைச் செய்தோம். ஒருநாள் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தபோது, "புள்ள, என்னப் பிடிக்காத, நான் தனியா நிக்கிறன்" என்றார். நிலத்தில் அப்படி ஒரு வார்த்தை அவரிடமிருந்து வந்து எவ்வளவோ காலம். எனக்கு அழுகை வந்துவிட்டது. விழுந்தாலும் அடிபடாது என்று உடம்புக்குத் தெரிந்ததும் பயம் விடுகிறது, நோவு குறைவதைவிட அதுதான் எனக்குப் பெரிசாகப்பட்டது.

வெளியே வரும்போது கவனம். உள்ளே லேசாக இருந்த உடம்பு திடீரென்று பாரமாகும், அழுத்தம் விலகுவதால் தலையும் சுற்றலாம். கரையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வைத்திருந்து உடனே இருத்துவோம். தண்ணீரில் நின்றால் சிறுநீர் அடிக்கடி வரும், வியர்ப்பதும் தெரியாது, அதனால் குடிக்கத் தண்ணீர் கொடுப்போம். சீனிக்குக் குளிசை போடுகிறவர் என்பதால் வெறும் வயிற்றோடு இறக்குவதில்லை, பையில் பிஸ்கட்டும் இருக்கும். அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருப்பதுமில்லை.

தேய்ந்த மூட்டு திரும்ப வளராது, அதை மிஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் நோவும் நடமாட்டமும் கொஞ்சம் தேறும், அதுவும் குறுகிய காலத்துக்கு என்றுதான் சொல்கிறார்கள். அம்மா இப்போது கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புகிறார், கோயிலுக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருகிறார். படி ஏறுவது இன்னும் கஷ்டம்தான். நிலத்துப் பயிற்சியை விடவும் கூடாது, எலும்புக்கு உடம்பின் பாரம் விழத்தான் வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியதும் கடலை மறந்துவிட்டு, வீட்டில் கதிரையைப் பிடித்துக்கொண்டு அதே பயிற்சிகளைச் செய்கிறார். பங்குனி, சித்திரையில் கடல் அடங்கியதும் திரும்பப் போவோம்.

பக்கத்து வீட்டு மாமியும் வரப்போகிறாராம், அம்மாதான் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறார். மாமிக்கு இதய வருத்தம் இருக்கிறது. அடுத்த கிளினிக்குக்கு அவரோடு நானும் போய் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வானில் ஏற்றுவேன்.